குடை எடுத்துக்கொண்டு வீடு பார்க்கப் போங்கள்

எங்கள் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் கணக்கு டீச்சர் போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டார். "டீச்சர், குன்னூர்லயே ஒரு வீடு வாங்கிடலாம்னு இருக்கோம். எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியல." நான் வாயைத் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது. சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. அவருக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதிவிடுகிறேன், இந்த மலையில் வீடு தேடுகிற வேறு யாருக்காவதும் உதவும்.

நாங்கள் தேட ஆரம்பித்து வாங்கி முடிக்க மூன்று வருஷம் ஆனது. அதில் முதல் வருஷம் முழுக்க வீண். ஆரம்பித்த விதமே தப்பு.

அதற்கு முன்னால் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இருந்து, பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது அப்பாவுக்கு 19 வயசு. அதே தோட்டத்தில் 39 வருஷம் வேலை. நான் பிறந்து வளர்ந்தது லைன் வீட்டில். பக்கத்து வீட்டுத் தாத்தா ராத்திரி இருமினால் எங்கள் வீட்டில் அம்மா எழுந்து சுக்குத் தண்ணீர் வைப்பார், அவ்வளவு மெல்லிய சுவர். ஒவ்வொரு பொங்கலுக்கும் அம்மா தன் கையால் சுண்ணாம்பு அடித்த வீடு அது. ஆனால் எங்கள் வீடு இல்லை. தோட்டத்து வேலை முடிந்தால் லைன் வீட்டுச் சாவியையும் கொடுத்துவிட வேண்டும், எந்தத் தோட்டத்திலும் அதுதான் வழக்கம். அப்பா சாவியைக் கொடுத்த அன்று நானும் கூடப் போனேன். ரைட்டர் அதை வாங்கி, அட்டைத் துண்டில் நம்பர் எழுதிக் கட்டி, ஆணியில் மாட்டினார். அப்பா அந்த ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றார். சொந்தமாக ஒரு வீடு வாங்குவது என்று அன்றைக்கு நான் முடிவு செய்தேன்.

அந்த வேகம்தான் முதல் தடவை என் கண்ணை மறைத்தது.

சித்திரை மாதம். குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற பாதையில் தேயிலைச் சரிவுக்கு நடுவில் ஒரு வீடு. மஞ்சள் பெயின்ட் புதுசாக அடித்திருந்தார்கள். வாசலில் நீலப் பூ, எதிரே பள்ளத்தாக்கு, ஜன்னலைத் திறந்தால் வெயில். புரோக்கர், "நாளைக்கு கோயம்புத்தூர் பார்ட்டி வருது" என்றார். அன்று சாயங்காலமே 50,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். ஒரு துண்டுக் காகிதத்தில் கையெழுத்து. அவ்வளவுதான்.

எங்களைக் காப்பாற்றியது பேங்க். கட்டட அனுமதி வரைபடம் கொண்டுவாருங்கள் என்றார்கள். விற்கிறவர் இதோ அதோ என்று மாதங்களைக் கடத்தினார். அப்படியே ஐப்பசி வந்துவிட்டது. மூன்று நாளாக விடாத மழை. எதற்கும் ஒரு தடவை பார்த்துவிட்டு வருவோம் என்று குடையைப் பிடித்துக்கொண்டு போனோம்.

சமையலறைப் பின்சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு அந்த மஞ்சள் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒரு கொப்புளத்தை விரலால் அழுத்தினேன். அது உடைந்து, காப்பி நிறத் தண்ணீர் என் மணிக்கட்டு வரை ஓடி வந்தது. சுவருக்குப் பின்னால் போய்ப் பார்த்தோம். மலையை 12 அடி உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டி அந்த இடத்தில் வீட்டைச் செருகியிருந்தார்கள். தடுப்புச்சுவர் இல்லை, தண்ணீர் போக வாய்க்கால் இல்லை. வெட்டிய மண்ணிலிருந்து நீர் கசிந்து நேராக அஸ்திவாரத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மேலே நின்ற சில்வர் ஓக் மரங்களின் அடிப்பகுதி பள்ளத்தைப் பார்த்து வளைந்து, பிறகு நிமிர்ந்திருந்தது. சித்திரையில் அது அழகாகத்தான் தெரிந்தது. மண் மெதுவாக நகர்கிற சரிவில் மரங்கள் இப்படி வளைந்து வளருவது உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது.

கீழ் வீட்டுப் பாட்டி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஏறி வந்தார். "வீட்ட வாங்கறது நீங்கதானா கண்ணு? இது தண்ணி இறங்கற வழியாச்சே. வீடு கட்டறதுக்கு முன்னால ஓடை இங்கதான் ஓடுச்சு." ஆறு மாசமாக யாரும் சொல்லாத விஷயம். நாங்களும் யாரிடமும் கேட்கவில்லை. பேரம் பேசி அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது.

அதனால் கணக்கு டீச்சருக்கு நான் முதலில் சொல்வது, வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அது நிற்கிற சரிவைப் பாருங்கள், அதையும் மழையில் பாருங்கள். நீலகிரியில் பாறைக்கு மேலே பல அடி கனத்துக்கு மண் இருக்கிறது. தொடர்ந்து மழை பெய்தால் அந்த மண் தண்ணீரைக் குடித்துக் கனத்துப் பிடி விடுகிறது. கீழே நாம் வெட்டி வைத்திருந்தால் இன்னும் சுலபமாகச் சரிகிறது. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். கேத்தி, குன்னூர்ப் பக்கத்தில் அந்த ராத்திரிகளை நேரில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். அபாயகரமானவை என்று மாவட்ட நிர்வாகம் 283 இடங்களைக் குறித்து வைத்திருக்கிறது. நீங்கள் பார்க்கிற இடம் அதில் வருகிறதா என்று தாலுகா அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

எந்த மழையில் பார்ப்பது என்பது எந்தப் பக்கம் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இங்கே ஒரு மலைக்கு இரண்டு மழைக்காலம். கூடலூர், பந்தலூர், குந்தா, ஊட்டியின் மேற்குப் பக்கத்துக்கு ஆடி மழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகைதான் பெரிய மழை. ஆடியில் கோத்தகிரிக்கு வந்து பார்த்துவிட்டு வீடு காய்ந்துதான் இருக்கிறது என்று சொல்வதில் அர்த்தமில்லை. மழை நாளில் போய்ச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். கதவு ஜன்னல்களை மூடித் திறந்து பாருங்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் படிப்படியாக இறங்குகிற விரிசல் இருக்கிறதா, அதை அண்மையில் பட்டி பார்த்து மறைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். தடுப்புச்சுவரில் நீர் வடிய ஓட்டைகள் இருக்கின்றனவா, அவற்றில் தண்ணீர் வருகிறதா? மழையில் தண்ணீர் வந்தால் நல்லது. வராமல் சுவர் மட்டும் வயிறு தள்ளி நின்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

வெயிலும் முக்கியம். ஊட்டியில் மார்கழி, தை மாதத்தில் தாழ்வான இடங்களில் உறைபனி விழும். மேற்கே மலை மறைக்கிற வீட்டில் மூன்று மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். துணி காயாது, பீரோவுக்குள் பூஞ்சை பிடிக்கும், வயசானவர்களுக்கு மூட்டு வலி. காலையில் வெயில் விழுகிற வீடாக இருந்தால் மற்ற ஒன்றிரண்டு குறைகளை நான் பொறுத்துக்கொள்வேன்.

சரி, பணம். இதை எல்லோரும் கடைசியில் வைத்துக்கொள்கிறார்கள், நாங்களும் அப்படித்தான் செய்தோம். வீடு 45 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டின் மதிப்பில் 80 சதவீதம்வரைதான் பேங்க் தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. அப்படியானால் 36 லட்சம் கடன், 9 லட்சம் நம் கையிலிருந்து. அதோடு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 4 லட்சத்துக்கு மேல். இந்தப் பதிவுச் செலவை பேங்க் வீட்டு மதிப்பில் சேர்க்காது. வக்கீல், புரோக்கர், ஒரு மழைக்காலத்துக்கான ரிப்பேர் எல்லாம் சேர்த்தால் கையில் 15 லட்சம் இல்லாமல் 45 லட்ச வீட்டைப் பார்க்கப் போகக் கூடாது. பேங்க் தன் ஆளை அனுப்பிப் போடுகிற மதிப்பு நாம் பேசிய விலையைவிடக் குறைவாக இருந்தால் அந்த வித்தியாசமும் நம் தலையில்தான். அதனால் முதலில் பேங்குக்குப் போய், சம்பளச் சீட்டைக் காட்டி, நமக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். அப்புறம் மலையைப் பார்க்கலாம்.

மலையில் மறைவாக ஒரு செலவு உண்டு, அது படி. ரோட்டிலிருந்து வீட்டுக்கு எத்தனை படி என்று எண்ணுங்கள். நாங்கள் பார்த்த இரண்டாவது வீடு ரோட்டுக்குக் கீழே 74 படி. விலை நன்றாகவே குறைவு. ஆனால் கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, ஒரு மூட்டை சிமென்ட் எல்லாமே தலைச்சுமைதான். ஒவ்வொன்றுக்கும் இறக்குகூலி. வண்டி போகாத வீட்டில் ஒரு பாத்ரூமை மாற்றிக் கட்ட மணலுக்கு ஆகிற செலவைவிட மணலைச் சுமக்க ஆகிற செலவு கூடிவிடும். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஒரு வார்த்தை பேசாமல் இறங்கினார். ஏறும்போது நாலு தடவை உட்கார்ந்தார். அந்த வீடு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

அடுத்தது தண்ணீர். இவ்வளவு மழை பெய்கிற ஊரில் தண்ணீர்க் கஷ்டமா என்று சமவெளிக்காரர்கள் கேட்பார்கள். மாசி, பங்குனியில் குன்னூரில் குடத்தோடு நிற்கிற வரிசையைப் பார்த்தால் கேட்க மாட்டார்கள். இங்கே நினைத்தபடி ஆழ்துளைக் கிணறு போட முடியாது, மாவட்டத்தில் அதற்குத் தடை இருக்கிறது. ஆகவே குழாயில் எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் வருகிறது, எவ்வளவு நேரம், ஊற்றிலிருந்து பைப் இழுத்திருந்தால் அந்த ஊற்று யார் நிலத்தில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். விற்கிறவரிடம் கேட்டுப் பயனில்லை. பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள், கிழமை உட்பட சொல்வார்கள்.

காட்டெருமை, கரடி பற்றி வெளியூர்க்காரர்கள்தான் அதிகம் பயப்படுகிறார்கள். கோத்தகிரிப் பக்கம் கரடி வருகிறது, உண்மைதான். தெருவிளக்கு இருக்கிறதா, கடைசி பஸ்ஸிலிருந்து இறங்கி எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதைப் பார்த்துக்கொண்டால் போதும்.

இனி காகிதம். இதில்தான் பொறுமை வேண்டும்.

வில்லங்கச் சான்று இப்போது பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம், பெரும்பாலான இடங்களுக்கு 1975இலிருந்து கிடைக்கிறது. அதை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்கிற ஆட்கள் உண்டு. வில்லங்கச் சான்றில் பதிவானதுதான் வரும். பதியாத குடும்பப் பாகம், பதியாத உயில், நடக்கிற வழக்கு எதுவும் அதில் தெரிந்துவிடாது. தாய்ப்பத்திரத்திலிருந்து கை மாறிய ஒவ்வொரு பத்திரத்தையும் கோத்துப் படிக்க வேண்டும். அது வக்கீல் வேலை. விற்கிறவர் காட்டுகிற வக்கீல் வேண்டாம், நாமே ஒருவரைப் பிடிக்க வேண்டும்.

மூன்றாவதாக நாங்கள் பார்த்த வீடு எல்லா வகையிலும் பிடித்திருந்தது. பட்டாவை வாங்கிப் பார்த்தால் கூட்டுப் பட்டா, 11 பேர் பெயர். அதில் நாலு பேர் காலமாகிவிட்டார்கள். விற்கிறவர், "எல்லாம் எங்க பங்காளிங்கதான், பேசிக்கலாம்" என்றார். நல்ல மனுஷர், ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனால் இறந்தவர்களின் வாரிசுகளை எழுதிப் பார்த்தபோது 23 பேர் வந்தார்கள், ஒருவர் துபாயில். கல்யாணமாகிப் போன அக்கா தங்கைகள் பெயரே அந்தப் பேச்சில் வரவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. அவர்கள் கையெழுத்து இல்லாமல் வாங்கினால் பத்து வருஷம் கழித்து ஒரு நாள் கோர்ட் நோட்டீஸ் வரும். எங்கள் வக்கீல், "இவங்க முதல்ல பாகப் பிரிவினை பண்ணித் தனிப் பட்டா வாங்கட்டும், அப்புறம் வாங்க" என்றார். ஒரு வருஷம் ஆகும் என்றார்கள். விட்டுவிட்டோம். எனக்கு மனசே இல்லை. இன்றைக்கும் அந்த வழியாகப் பஸ்ஸில் போனால் அந்த வீட்டைத் திரும்பிப் பார்க்கிறேன்.

சொந்தக்காரர் சார்பில் விற்க அதிகாரம் தருகிற பவர் பத்திரத்தை வைத்து விற்பவரிடம் இன்னும் கவனம் வேண்டும். பவர் எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்துவிட்டாரா என்று பாருங்கள். வெறும் பவரை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு வீடு நம்முடையதாகிவிட்டது என்று நினைக்க முடியாது. கிரையப் பத்திரம் பதிவானால்தான் உரிமை மாறும் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

கூடலூர், பந்தலூரில் வாங்க நினைப்பவர்களுக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது. "இது செக்‌ஷன் 17 நிலமா?" ஜென்மிகள் என்ற பழைய நிலவுடைமையாளர்களின் உரிமையை ஒழிக்க 1969இல் வந்த ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கியிருக்கிற நிலங்களில் உரிமை இன்னும் தீராமல் கிடக்கிறது. எங்கள் மாமா வீடு அப்படிப்பட்ட இடத்தில்தான். 40 வருஷமாகக் குடியிருக்கிறார், பட்டா கிடையாது. அங்கே இருக்கிற ஜனங்களுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன். ஆனால் சேமிப்பையெல்லாம் போட்டுப் புதிதாக ஒருவர் அங்கே வாங்குவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். மசினகுடிப் பக்கம் யானை வழித்தடத்துக்குள் வருகிற இடங்களுக்கும் இதையேதான் சொல்வேன். அந்த வழித்தடத்தை உறுதிசெய்து 2020இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தாகிவிட்டது. யானை போகிற வழியில் நமக்கு எதற்கு வீடு?

கட்டட அனுமதி தனி விஷயம். 1990இல் வந்த மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தை இங்கே எல்லோரும் ஹாக்கா என்றே சொல்வார்கள். அதன் பட்டியலில் உள்ள கிராமங்களில் கட்டுவதற்குப் பல துறைகளின் தடையின்மைச் சான்று வேண்டும். கட்டடத்தின் உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது. மண் வெட்ட ஜேசிபி கொண்டுவரவே அனுமதி வேண்டும். "பின்னாடி நீங்க மேல ரெண்டு ரூம் எடுத்துக்கலாம்" என்று ஆசை காட்டினால் நம்பாதீர்கள். இருக்கிற வீடு உங்களுக்குப் போதுமா என்று மட்டும் பாருங்கள். அந்த வீட்டுக்கும் அனுமதி வரைபடம் இருக்க வேண்டும், வரைபடத்தில் உள்ளதுதான் தரையிலும் நிற்க வேண்டும்.

கடைசியாக சர்வேயர். நாங்கள் இப்போது குடியிருக்கிற வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் பணம் கட்டி அளந்தோம். நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டுகிற புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் தேயிலைச் செடிக்குள் இறங்கி, மண்ணைக் கிளறி, பாசி பிடித்த சர்வே கல்லைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து டேப் பிடித்தால் பின்பக்கத் துவைக்கிற கல்லும் ஒரு கொய்யா மரமும் ஓடைப் புறம்போக்கில் போனது. வீடு முழுக்கப் பட்டாவுக்குள் இருந்தது. நாலடி நிலம் கணக்கில் குறைந்தது, அதற்குத் தகுந்த மாதிரி விலையையும் குறைத்துப் பேசினோம். துவைக்கிற கல்லை உள்ளே நகர்த்திவிட்டோம். கொய்யா மரம் அங்கேயே நிற்கிறது, காய்களைக் குரங்குகள் தின்கின்றன.

இந்த வீட்டைப் புரோக்கர் காட்டவில்லை. எங்களுக்கு எந்த ஏரியா ஒத்துவரும் என்று முடிவு செய்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் நடப்போம். டீக்கடையில் உட்காருவோம், ரேஷன் கடையில் விசாரிப்போம். ஐந்தாவது ஞாயிறோ ஆறாவதோ, டீக்கடை அக்கா, "எங்க தெருவுல ஒரு ரிட்டயர்ட் சார் மகன்கிட்ட போறாரு, விக்கறதா பேச்சு" என்றார். புரோக்கர் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏரியாவும் பணமும் முடிவான பிறகு அவரிடம் போனால் நாம் கேட்பதைக் காட்டுவார். அதற்கு முன்னால் போனால் அவருக்கு எது விற்க வேண்டுமோ அதைத்தான் காட்டுவார்.

12 படி, காலை வெயில், வாரம் இரண்டு தடவை தண்ணீர், பின்னால் நல்ல கருங்கல் தடுப்புச்சுவர். கார்த்திகை மழையில் இரண்டு தடவை வந்து பார்த்த பிறகுதான் வாங்கினோம். சாவி கைக்கு வந்த அன்று அதை அப்பாவிடம் கொடுத்தேன். சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எங்களிடம் இன்னொரு சாவி இருக்கிறது, அது அவரிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கணக்கு டீச்சரிடம், வருகிற ஞாயிறு நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அருவங்காட்டுப் பக்கம் முதலில் நடந்து பார்க்கலாம். வீடு எதுவும் பார்க்கப் போவதில்லை. பேங்கில் கேட்டு எழுதிய அந்தத் தொகையைக் கையோடு கொண்டுவரச் சொன்னேன், மழை வரும் போலிருக்கிறது என்பதால் குடையையும்.